ஐம்பத்தொன்பது வாற்றுமணி

முதலாவது பற்றரியை
முருங்கைமர உயரத்தில் வெறுமனே நிற்கவிட்டு
முப்பது வீதத்துக்கு இறக்கினேன்.
பயணத்துக்கு வயிறு நிரம்பியிருக்கக் கூடாது, அதற்கும்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
வன்னியிலிருந்து வந்த மங்களேஸ்வரி அக்கா
நாயை அதட்டவில்லை.
எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினா.
அந்தச் சத்தத்துக்கு அவவிடம் வேறு பெயர் இருக்கிறது:
வண்டு.

மற்ற இரண்டையும் பறக்கவிடவில்லை.
மேசை விளக்கில் கொளுவி
விடிய விடிய எரித்தேன்.
மூன்றாவது கொஞ்சம் ஊதியிருந்தது.
கண்டும் காணாததுபோலப் பையில் வைத்தேன்.
ஒரு பற்றரி, ஒரு மாத வாடகை.

பலாலி. காலை ஏழே கால்.
நீர்கொழும்புக் களப்பின் கண்டல் காட்டை
ஆயிரத்து இருநூறு படமாய் வெட்டித் தைக்கிற வேலை
இரத்மலானைக்கு அப்பால் காத்திருக்கிறது.

லக்மாலி என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்தவள்
தன் கைப்பேசியில் பெருக்கினாள்:
பதினைந்து தசம் நாலு வோல்ற்று,
மூவாயிரத்து எண்ணூற்றைம்பது,
ஆயிரத்தால் பிரி.
ஐம்பத்தொன்பது.
"நூறுக்குக் கீழே. ஹரி.
பெட்டியிலை போடவேண்டாம். கையிலை."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பேரின்பநாயகம்
கேளாமலே சொன்னார்:
"அப்ப ரோர்ச் பற்றரி
உள்ளை வரவே விடமாட்டினம்.
இப்ப வெளியிலை போகக் கணக்கு."
அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு நானும்.

அவள் மூன்றாவதை மேசையில் வைத்து
ஒரு விரலால் சுண்டினாள்.
தட்டையான பொருள் சுழலாது.
அது சுழன்றது, பம்பரம்போல,
என் பொய்யை நாலு பக்கமும் காட்டிக்கொண்டு.
"இது பெட்டியிலும் ஏலாது, கையிலும் ஏலாது."

எமில் இன்னும் வாசலில்தான்
ஓட்டோவில் கால் நீட்டிப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.
"வாளியிலை மணல் போடு.
வீட்டுக்கு வெளியிலை. வெயில் படாமல்."
"கடிக்குமோ?"
"ஊதினால் தள்ளி நில்."
சாரத்தின் நுனியால் அதைப் பிடித்துக்கொண்டு போனான்,
நண்டு பிடிக்கிறவனின் மரியாதையோடு.

விமானப் படியடியில் இன்னொரு பெடியன்:
பெரிய பையெல்லாம் கீழேயாம்.
மழைத்தூறலில் குந்தியிருந்து பையைத் திறந்தேன்.
பிளாஸ்டர் ஒட்டிய வாயோடு இரண்டு பற்றரிகள்
கைக்கு ஒன்றாய்.
பிள்ளை பெற்ற வீட்டுக்கு
முட்டை கொண்டுபோகிறவள்போலப் படியேறினேன்.

என் ட்ரோனின் வரைபடத்தில்
பலாலி ஒரு சிவப்பு வட்டம்.
அதற்குள் ட்ரோன் எழும்பாது.
எங்கள் இரண்டு பரப்புக் காணியும் அந்த வட்டத்துக்குள்தான்.
ஊரெல்லாம் மேலேயிருந்து படமெடுத்த எனக்கு
அது மட்டும் இன்னும் தரையிலேயே கிடக்கிறது.
இன்று மேலே போகிறேன்.
காசு கொடுத்து, அனுமதியோடு, வட்டத்துக்குள்ளால்.

ஆனால் எனக்குக் கிடைத்தது இடப்பக்க இருக்கை.
காணி வலப்பக்கம்.
எழுந்து பார்க்க விடவில்லை; பட்டியும், விளக்கும்.
மடியில் இரண்டும் கதகதத்தன.
அவற்றின் சூடா, என் கையின் சூடா,
நிதானிக்க முடியவில்லை.
தொட்டுத் தொட்டுப் பார்த்ததில்
கடல்நீரேரி கடந்துபோனது.

"ஐயா, அந்தப் பக்கம் ஒருக்கா எடுப்பீங்களோ?"
எதை என்று கேட்கவில்லை பேரின்பநாயகம்.
கண்ணாடியில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து
அமத்திக்கொண்டே இருந்தார்.

இரத்மலானையில் இறங்கியதும் இரண்டு செய்திகள்.
ஒன்று படம்:
பாதிக்கு மேல் சக்கரம்,
மிச்சத்தில் பச்சை, ஒரு துண்டுச் செம்மண்.
எவருடையதாயும் இருக்கலாம்.
பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க
கட்டம் கட்டமாய் உடைந்தது.

மற்றது எமில்.
வேப்பமர நிழலில் நீல வாளி, மணல்.
"புகை ஒண்டும் இல்லை.
தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு
பக்கத்திலைதான் இருக்கிறன்."

தள்ளி நில்லடா என்று எழுதினேன்.